மூன்றில் ஒரு பங்கு

அன்புள்ள அக்கா,

வர்ஜீனியாவில் ஆறு வருடமாக இருக்கிறோம். ஊரிலிருந்து வந்த அத்தை, மாமாவோடு மகளையும் அழைத்துக்கொண்டு போன மாதம் மவுண்ட் வெர்னன் போனோம், ஜார்ஜ் வாஷிங்டனின் தோட்ட வீட்டுக்கு. வீடும் ஆற்றங்கரையும் அவ்வளவு அழகு. திரும்பி வந்ததிலிருந்து சில கேள்விகள். அவ்வளவு பெரிய வீட்டில் பெண்கள் ஒரு நாளை எப்படிக் கழித்தார்கள்? தினம் எத்தனை பேருக்கு உலை வைத்தார்கள்? பிள்ளைகளை யார் வளர்த்தார்கள்? அந்தக் காலத்து உடை, மேசை நாற்காலி பற்றியும் எழுதுங்களேன்.

அங்கிருந்த அடிமைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் வாஷிங்டனின் மனைவி மார்த்தா அம்மையாருக்குச் சீதனமாக வந்தவர்களாம். வாஷிங்டன் கடைசியில் எல்லோரையும் விடுதலை செய்துவிட்டார் என்றும் கேள்விப்பட்டேன். அடிமை முறை கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் இப்படிப்பட்ட பெரிய வீடுகளில் அவர்களை வீட்டு மனுஷர்கள் மாதிரிதான் வைத்திருந்தார்கள் என்று எனக்குப் பட்டது. நம் தஞ்சாவூர்ப் பண்ணை வீடுகளும் இப்படித்தான் இருந்தன என்று மாமா சொன்னார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

உங்கள் வாசகி,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஒரு பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 1799 கோடையில், இறப்பதற்கு ஆறு மாதம் முன்னால், வாஷிங்டன் தயாரித்தது. மவுண்ட் வெர்னனின் ஐந்து பண்ணைகளிலும் அவருக்காக உழைத்த 317 பேரின் கணக்கு. பெயர், வயது, வேலை, துணை யார், துணை இருப்பது எங்கே. அதில் முக்கியமானவை இரண்டு பத்திகள்: வாஷிங்டனுக்குச் சொந்தமானவர்கள் ஒன்றில், மார்த்தா வழியாக வந்தவர்கள் மற்றதில். யார் எந்தப் பத்தியில் என்பதைத்தான் சில வாரங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்போது பார்த்து நீங்கள் 'சீதனம்' என்று எழுதிவிட்டீர்கள்.

உடைகளையும் மேசை நாற்காலிகளையும் விட்டுவிடுகிறேன். அவற்றுக்கு நல்ல படப் புத்தகங்கள் அந்த வீட்டு வாசலிலேயே விற்கும். மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆனால் தஞ்சாவூர்ப் பண்ணையின் நிலச்சட்டம் வேறு, சாதிக்கணக்கு வேறு, அங்கே ஆளைக் கட்டிப்போட்ட கயிறும் வேறு. 'இதுவும் அது மாதிரிதான்' என்று சொல்லிவிட்டால் இரண்டையுமே பார்க்காமல் எழுந்து போய்விடலாம். எனக்கு அது வேண்டாம்.

பெண்களின் நாள் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு அதே வர்ஜீனியாவின் இன்னொரு வீட்டைச் சொல்கிறேன். வடகழுத்து எனப்படும் பகுதியில் நோமினி ஹால் என்ற பெருவீடு இருந்தது. ராபர்ட் கார்ட்டர் என்ற புகையிலைத் தோட்டக்காரருடையது. 1773 கடைசியில் பிலிப் ஃபிதியன் என்ற இளைஞர், பிரின்ஸ்டனில் படித்தவர், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வந்து ஒரு வருடம் தங்கினார். அவருடைய நாட்குறிப்பு கிடைக்கிறது. வீட்டுத் தலைவி கார்ட்டர் அம்மையார் ஒரு மாலை அவரிடம் கணக்குச் சொல்கிறார்: இந்தக் குடும்பத்துக்கு ஒரு வருடத்துக்கு 27,000 பவுண்டு பன்றிக்கறி, 20 மாடு, மக்காச்சோளம் போக 550 புஷல் கோதுமை, 4 பெரிய பீப்பாய் ரம், 150 காலன் பிராந்தி. கறியை மட்டும் வகுத்துப் பாருங்கள். நாளுக்கு 74 பவுண்டு, அதாவது 33 கிலோவுக்கு மேல். வீடு, பள்ளிக்கூடம், அடுக்களை எல்லாம் சேர்த்துக் குளிர்காலத்தில் 28 அடுப்புகள் அணையாமல் எரிந்தன. அவற்றுக்கு மூன்று ஜோடி எருதுகள் பூட்டிய வண்டி ஞாயிறு தவிர தினமும் நாலு பாரம் விறகு கொண்டுவந்தும் மிச்சம் இல்லை என்று ஃபிதியன் எழுதுகிறார்.

அந்தக் கறி எப்படி வருடம் முழுக்க வந்தது? டிசம்பர் குளிர் இறங்கியதும் பன்றிகளை அறுப்பார்கள். நாள் பார்த்துத்தான் அறுக்கவேண்டும். குளிர் போதாவிட்டால் உப்பு எலும்பைச் சேர்வதற்குள் தொடைக்கறி உள்ளிருந்து அழுகும். கடுங்குளிரில் கறி உறைந்துபோனால் உப்பு இறங்கவே இறங்காது. அறுத்த கறியில் உப்பும் கொஞ்சம் வெடியுப்பும் தேய்த்து மரத்தொட்டியில் அடுக்கி, வாரக்கணக்கில் கிடந்தபின் எடுத்துக் கழுவி, புகைக்கொட்டகையில் தொங்கவிடுவார்கள். கீழே ஹிக்கரிக் கட்டை கனன்று புகையவேண்டும், கொழுந்துவிட்டு எரியக்கூடாது. எரிந்தால் கொழுப்பு உருகி வழிந்துவிடும். வசந்தத்தில் ஈ வருவதற்குள் இதெல்லாம் முடியாவிட்டால் புழு வைத்துவிடும். இரவிலும் எழுந்துபோய்ப் புகையைப் பார்க்க ஆள் வேண்டும். கொட்டகைக்குப் பூட்டு உண்டு. பூட்டின் சாவி வீட்டுத் தலைவியின் இடுப்பில். சர்க்கரை, தேயிலை, மசாலா, மாவு எல்லாமே பூட்டுக்குள்தான். காலையில் அளந்து கொடுப்பதும் மாலையில் மிச்சம் கேட்பதும்தான் அவளுடைய நாளின் பெரும்பகுதி. அதோடு பிரசவம். கார்ட்டர் அம்மையாருக்கு 17 பிள்ளைகள் பிறந்தன. அவர்களில் பலருக்குப் பால் கொடுத்தவர்கள் அடிமைப் பெண்கள் என்று அவரே சொன்னதாக ஃபிதியன் குறித்திருக்கிறார். இங்கே வசதியுள்ளவர்கள் வீட்டில் இதுதான் வழக்கமாம் என்று ஆச்சரியக்குறியோடு எழுதுகிறார். அந்தப் பெண்களுக்கும் மடியில் ஒரு பிள்ளை இருந்ததால்தானே பால் இருந்தது? அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

கார்ட்டர் அம்மையார் 'இந்தக் குடும்பம்' என்று சொல்கிறாரே, அதைக் கவனித்தீர்களா? 27,000 பவுண்டு என்பது கணவன் மனைவி பிள்ளைகள் தின்று தீர்க்கும் கறி இல்லை. அந்தக் கூரையின் கீழும் அதைச் சுற்றியும் எஜமானரின் தானியத்தை உண்ட எல்லோரும் அந்தக் காலத்து வர்ஜீனிய ஆங்கிலத்தில் 'குடும்பம்'. வாஷிங்டனும் அந்தச் சொல்லை அப்படி ஆண்டவர்தான். சாப்பாட்டுக் கணக்கில் எல்லோரும் குடும்பம். ஆனால் வயலில் உழைத்தவர்களுக்கு அந்தக் குடும்பத்தில் கிடைத்த பங்கு, அதே ஃபிதியன் எழுதியபடி, ஆளுக்கு வாரம் ஒரு பெக் மக்காச்சோளமும் ஒரு பவுண்டு கறியும். பெக் என்றால் கால் புஷல், ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஒரு பவுண்டு கறியை ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 65 கிராம். கார்ட்டர் அந்த வட்டாரத்திலேயே இரக்கமுள்ள எஜமானர் என்று பெயரெடுத்தவர். இது இரக்கத்தின் அளவு.

இப்போது உங்களைத் திட்டவேண்டிய இடம். 'வீட்டு மனுஷர்கள் மாதிரி' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'மாதிரி'யை அடித்துவிடுங்கள். பல வீடுகளில் அவர்கள் வீட்டு மனுஷர்களேதான்.

பின்னாளில் அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சனின் மாமனார் ஜான் வெய்ல்ஸ். மனைவிகள் ஒருவர் பின் ஒருவராக இறந்தபின் தன் அடிமையான எலிசபெத் ஹெமிங்ஸிடம் ஆறு பிள்ளைகள் பெற்றார். ஹெமிங்ஸ் குடும்பத்துப் பேரன் மேடிசன் 1873-இல் இதைச் சொல்லி அச்சேறியிருக்கிறது. 1773-இல் வெய்ல்ஸ் இறந்ததும் அந்தப் பிள்ளைகள் நிலத்தோடும் கடனோடும் சேர்ந்து அவருடைய மகள் மார்த்தா ஜெஃபர்சனுக்குச் சொத்தாக வந்தார்கள். அப்பாவின் பிள்ளைகளை மகள் வாரிசுச் சொத்தாக அடைந்தாள். இதை ஆங்கிலத்தில் எழுதினால் 'ஒரு பாதி உடன்பிறப்பு' என்று கடந்துபோகலாம். நம் மொழியில் முறை சொல்லிப் பாருங்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியான சாலி ஹெமிங்ஸ் ஜெஃபர்சனின் பெண்களுக்குச் சித்தி. இன்னொருவரான ஜேம்ஸ் ஹெமிங்ஸ் அவர்களுக்குத் தாய்மாமன். 1787-இல் ஜெஃபர்சனின் சின்ன மகள், அப்பா தூதராக இருந்த பாரிஸுக்குக் கப்பலேறியபோது கூடப் போன பதினாலு வயது வேலைக்காரப் பெண் அந்தச் சித்திதான். அங்கே அடுக்களையில் பிரெஞ்சுச் சமையல் பழகியவர் அந்தத் தாய்மாமன். தனக்குப் பதிலாக இன்னொருவருக்கு அந்தச் சமையலைக் கற்றுக்கொடுத்தால்தான் விடுதலை என்று 1793-இல் ஜெஃபர்சன் அவருக்கு எழுதிக்கொடுத்தார். ஜேம்ஸ் தன் தம்பி பீட்டருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, 1796 பிப்ரவரியில், அடுக்களையிலிருந்த பாத்திரங்களைத் தன் கையாலேயே எண்ணிப் பட்டியல் எழுதி வைத்துவிட்டு வெளியேறினார். அந்தத் தாளும் இன்றைக்கு இருக்கிறது. உறவு இல்லாததால் வந்த கொடுமை இல்லை அம்மா இது. உறவு இருந்தும் பாத்திரக் கணக்கு ஒப்படைத்துவிட்டுத்தான் போகவேண்டியிருந்தது.

சரி, சீதனம். இதை நான் சுருக்கமாகச் சொல்லப்போவதில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அங்கே கேட்ட சொல் 'டவர்' (dower). நம் காதில் அது 'டவ்ரி' என்று விழுந்து, மனம் உடனே சீதனம், வரதட்சணை என்று போய்விடுகிறது. இரண்டும் நேர் எதிர்த் திசை. சீதனம் பெண்ணைப் பெற்றவர்கள் கல்யாணத்தின்போது கொடுப்பது. டவர் என்பது கணவன் செத்தபின் அவன் சொத்திலிருந்து விதவைக்குச் சட்டம் ஒதுக்கும் பங்கு. விதவைப் பங்கு என்றே சொல்வோம். அளவு மூன்றில் ஒன்று. முழு உரிமை கிடையாது. நம் பத்திர எழுத்தர்கள் எழுதுவார்களே, 'ஆயுள் பரியந்தம் அனுபவித்துக்கொள்ள வேண்டியது, விற்கவோ தானம் செய்யவோ பாத்தியதை இல்லை' என்று, அதுதான் அச்சு அசலாக. அவள் இறந்ததும் அந்த மூன்றில் ஒன்று முதல் கணவனின் வாரிசுகளுக்குத் திரும்பிப் போகும். விதவையைப் பிள்ளைகள் தெருவில் விட்டுவிடக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் பிறந்த சட்டம். அந்த நல்லெண்ணம் என்ன செய்தது என்று பாருங்கள்.

மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ். 17,000 ஏக்கருக்கு மேல் நிலம், ஏறக்குறைய 300 அடிமைகள். 1757 ஜூலையில் உயில் எழுதாமல் இறந்தார். மார்த்தாவுக்கு அப்போது 26 வயது. பெற்ற நாலில் இரண்டு போய், மிஞ்சியவை ஜாக்கி, பாட்ஸி என்ற இரண்டு சின்னக் குழந்தைகள். உயில் இல்லாதபோது வழி இப்படி: கவுன்டி நீதிமன்றம் ஒரு நிர்வாகியை நியமிக்கும். அண்டைத் தோட்டக்காரர்கள் மூன்று நாலு பேரை மதிப்பீட்டாளர்களாக ஆணையிடும். அவர்கள் சத்தியப் பிரமாணம் செய்துவிட்டு வீடு வீடாக, கொட்டகை கொட்டகையாக நடந்து எழுதுவார்கள். கட்டில் இத்தனை, வெள்ளிக் கரண்டி இத்தனை, பசு இத்தனை. அதே தாளில், அதே மையில், ஆட்களின் பெயரும் அவர்களின் விலையும், பவுண்டு ஷில்லிங் பென்ஸில்.

இங்கேதான் 1705-ஆம் வருடத்து வர்ஜீனியச் சட்டம் வருகிறது. அடிமைகள் அசையாச் சொத்து என்று அது அறிவித்தது. தமிழில் சொல்லும்போது நெஞ்சில் தைக்கிறது இல்லையா? நடக்கிற, சுமக்கிற, பிள்ளை பெறுகிற மனிதர் அசையாச் சொத்து. காரணம் கொடூர ரசனை ஒன்றும் இல்லை. வெறும் நடைமுறைக் கணக்கு. நிலம் மூத்த மகனுக்குப் போய், உழைக்கும் கைகள் மற்ற பிள்ளைகளிடம் சிதறிப்போனால் புகையிலைத் தோட்டம் தரிசாகிவிடும். நிலத்தோடு கைகளும் போகவேண்டும் என்று அப்படி எழுதினார்கள். அதன் விளைவு, ரொக்கமும் தளவாடமும் மார்த்தா, ஜாக்கி, பாட்ஸி மூவருக்கும் சமமாகப் பிரிந்தன. அடிமைகளோ நிலத்தின் விதிப்படி போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு பாலகன் ஜாக்கிக்கு. மூன்றில் ஒன்று, எண்பது பேருக்கு மேல், மார்த்தாவின் ஆயுளுக்கு மட்டும்.

1759 ஜனவரியில் மார்த்தா வாஷிங்டனை மணந்தார். அன்றைய சட்டப்படி மனைவியின் ரொக்கமும் அசையும் சொத்தும் கணவனுக்கு முழுதாகவே சேர்ந்துவிடும். விதவைப் பங்கு அப்படிச் சேராது. அவள் உயிரோடிருக்கும்வரை அவன் அனுபவிக்கலாம், அவ்வளவுதான். குழந்தைகளின் பங்குக்கு வாஷிங்டன் கார்டியன். மைனர் சொத்துக் கணக்கை நீதிமன்றத்துக்கு ஒப்படைக்கவேண்டும் என்பதால் லண்டனிலிருந்து வாங்கும் சட்டையும் பொம்மையும்கூடத் தனித்தனிப் பெயரில், தனித்தனிக் கணக்கில் வரும். ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டவர்களுக்கு மூன்று கணக்குப் புத்தகங்கள். 1773-இல் பாட்ஸி வலிப்பு கண்டு பதினேழாம் வயதில் இறந்தாள். வாஷிங்டன் அவளுக்காக உண்மையாகவே உருகினார். அவள் பங்கில் பாதி தாய் வழியாக அவருக்கு வந்து, லண்டன் வியாபாரியிடம் இருந்த கடன் அடைந்தது. இரண்டும் உண்மை, ம. துக்கமும் கணக்கும் ஒரே வாரத்தில் ஒரே வீட்டுக்குள் நடக்கும். இதற்காக அவரை நான் குறை சொல்லவில்லை. கணக்கை மறந்துவிட்டுத் துக்கத்தை மட்டும் காட்டுகிறவர்களைத்தான் குறை சொல்கிறேன்.

அடுத்தது 1662-ஆம் வருடத்துச் சட்டம். இங்கிலாந்தில் பிள்ளை தகப்பனின் நிலையை அடையும். வர்ஜீனியா அதைத் திருப்பிப்போட்டு, பிள்ளை தாயின் நிலையை அடையும் என்று ஆக்கியது. எஜமானர்கள் தாங்கள் பெற்ற பிள்ளைகளையே உடைமையாக வைத்திருக்க முடிந்தது இதனால்தான். இந்தச் சட்டத்தை விதவைப் பங்கோடு சேர்த்துப் பாருங்கள். விதவைப் பங்கைச் சேர்ந்த பெண் பெற்ற பிள்ளையும், அவள் மகள் பெற்ற பிள்ளையும் விதவைப் பங்கே. எண்பத்துச் சொச்சம் பேர் நாற்பது வருடத்தில் 153 பேர் ஆனது இப்படித்தான். 1799 பட்டியலில் வாஷிங்டனின் சொந்தக் கணக்கில் 123 பேர். விதவைப் பங்கில் 153 பேர். மிச்சம் 41 பேர் வெளியாரிடமிருந்து வாடகைக்கு எடுத்தவர்கள்.

பத்தி பிரித்து எழுதலாம். நாற்பது வருடம் ஒரே மண்ணில் வாழ்ந்தவர்கள் பத்தி பார்த்தா கல்யாணம் செய்துகொள்வார்கள்? செய்துகொள்ளவில்லை. அவர்களின் கல்யாணத்தைச் சட்டம் ஏற்கவும் இல்லை. ஆனால் வாஷிங்டனுக்கு யாருக்கு யார் துணை என்பது தெரியும், குறித்தும் வைத்திருக்கிறார். அந்த ஐந்து பண்ணைகளிலும் மணமானவர்கள் என்று குறிக்கப்பட்டவர்கள் 96 பேர். அவர்களில் துணையோடு ஒரே பண்ணையில் குடியிருந்தவர்கள் 36 பேர்தான். 38 பேரின் துணை அவருடைய வேறு பண்ணையில், 22 பேரின் துணை வெளியார் தோட்டத்தில். சனி இரவு நடந்துபோய் ஞாயிறு பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திங்கள் விடியுமுன் திரும்பவேண்டும். குடும்ப வாழ்க்கை பற்றிக் கேட்டீர்களே, அந்தத் தோட்டத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோரின் குடும்ப வாழ்க்கை இதுதான். வாரத்தில் ஒன்றரை நாள்.

இப்போது நீங்கள் பார்த்துவிட்டு வந்த அடுக்களைக்கு வாருங்கள். அது வீட்டோடு ஒட்டாமல் தனிக் கட்டடமாக, ஒரு தூண் வரிசை நடைபாதையால் இணைந்து நிற்கும். தீப்பிடித்தால் வீட்டுக்குப் பரவக்கூடாது, கோடையில் அடுப்பின் வெக்கை உள்ளே வரக்கூடாது என்பதற்காக. 1799-இல் அங்கே சமைத்தவர் லூசி. வாஷிங்டனின் காலை உணவு ஏழு மணிக்கு, மக்காச்சோள அடை, வெண்ணெய், தேன். நம் தோசை மாவு போல முந்தின இரவே பாதி மாவை ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்து, காலையில் மீதி மாவும் முட்டையும் வெதுவெதுப்பான தண்ணீரும் சேர்த்து ஊற்றவேண்டும். எனவே லூசியின் நாள் முந்தின இரவிலேயே தொடங்கிவிடும். பெரிய சாப்பாடு பிற்பகல் மூன்றுக்கு. அதற்குத் தயங்காமல் விருந்தாளிகள் வருவார்கள். 1798-இல் மட்டும் அறுநூறு பேருக்கு மேல். லூசி இறக்கிய பண்டங்கள் அந்த நடைபாதை வழியாக வந்ததும் வாங்கி மேசையில் பரிமாறியவர் பிராங்க் லீ, வீட்டின் தலைமைப் பரிசாரகர். பிராங்க் லூசியின் கணவர்.

பிராங்க் வாஷிங்டனின் பத்தியில். லூசி விதவைப் பத்தியில். அவர்களின் மூன்று பிள்ளைகளும் தாய் வழியே விதவைப் பத்தியில்.

'எல்லோரையும் விடுதலை செய்துவிட்டார்' என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. 1782-இல் வர்ஜீனியா, எஜமானர் விரும்பினால் தன் அடிமையை விடுவிக்கலாம் என்று அனுமதித்தது. வாஷிங்டன் 1799 ஜூலையில் உயில் எழுதி, தன் 123 பேரையும் மார்த்தாவின் காலத்துக்குப்பின் விடுவித்தார். தன்னோடு அமெரிக்க விடுதலைப் போர் முழுவதும் கூட இருந்த வில்லியம் லீயை மட்டும் உடனடியாக. வில்லியம் லீ பிராங்க்கின் அண்ணன்தான். விதவைப் பங்கின் 153 பேரைத் தொட அவருக்கு அதிகாரம் இல்லை. மார்த்தாவுக்கும் இல்லை. விடுவிக்கவேண்டுமானால் கஸ்டிஸ் வாரிசுகளுக்கு ஈடு கட்டவேண்டும். இரண்டு பத்திக்காரர்களும் கல்யாணத்தால் பின்னிப் பிணைந்திருப்பதால், ஒரு பாதியை உடனே விடுவித்தால் மறுபாதிக்கு வேதனை உண்டாகும் என்பதுதான் மார்த்தாவின் காலம்வரை தள்ளிவைத்ததற்கு உயிலில் அவர் காட்டிய காரணம். அவருக்குத் தெரிந்திருந்தது. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். தெரியாமல் நடந்த கொடுமை இல்லை இது.

1799 டிசம்பர் 14 அன்று அவர் இறந்தார். தன் சாவுக்காக 123 பேர் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்போடு மார்த்தாவால் அந்த வீட்டில் நிம்மதியாக இருக்க முடியவில்லை என்று அப்போதைய ஜனாதிபதியின் மனைவி அபிகேல் ஆடம்ஸ் கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1801 ஜனவரி 1 அன்று அவர்களை முன்கூட்டியே விடுவித்தார். பிராங்க் சுதந்திர மனிதர் ஆனார். லூசி ஆகவில்லை. 1802 மே மாதம் மார்த்தாவும் இறக்க, விதவைப் பங்கு முதல் கணவரின் வழிக்குத் திரும்பியது. ஜாக்கி 1781-லேயே காய்ச்சலில் போய்விட்டதால் (அவரும் உயில் எழுதவில்லை) அவருடைய பிள்ளைகள் நாலு பேர் வாரிசுகள். 150 பேருக்கு மேல் நாலு பாகமாகப் பிரிந்தார்கள். பாகப்பிரிவினை பார்த்தவர்களுக்குத் தெரியும், பாகங்கள் ரூபாயில் சமமாக வரவேண்டும். வலுவுள்ள ஆணுக்கு ஒரு விலை, கிழவிக்கு விலையே இல்லை, குழந்தைக்குச் சின்ன விலை. பெரியவர்களை வைத்துப் பாகம் ஏறக்குறைய சமமானபின் மிச்ச வித்தியாசத்தைச் சரிக்கட்டச் சின்ன விலைகளை இங்கும் அங்கும் நகர்த்துவதுதான் எந்தப் பங்கீட்டுக்கும் எளிய வழி. இந்தப் பங்கீட்டில் சின்ன விலை என்பது பிள்ளைகள். அர்லிங்டன், உட்லான், டியூடர் பிளேஸ், தலைநகரில் பேத்தி எலைஸாவின் வீடு என்று போட்டோமாக் ஆற்றின் இரு கரையிலும் நாலு வீடுகளுக்கு அவர்கள் போனார்கள். அந்த நாலு பேரப்பிள்ளைகளுக்கும் பாட்டி வீட்டின் மேல் பாசம் அதிகம். ஞாபகப் பொருட்களைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மார்த்தாவுக்கு முழு உரிமையுள்ள அடிமை ஒரே ஒருவர் இருந்தார், எலிஷ் என்று பெயர். அவரை விடுவிக்க எந்த வாரிசின் சம்மதமும் வேண்டியதில்லை. உயிலில் அவரைப் பேரனுக்கு எழுதி வைத்தார். சட்டம் கையைக் கட்டியது உண்மைதான். கட்டில்லாத கையும் அதையேதான் செய்தது.

ஹெர்குலிஸ் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள், லூசிக்கு முன்னால் அந்தக் குடும்பத்தின் பெரிய சமையல்காரர். வாஷிங்டனின் பத்தி. 1797 பிப்ரவரி 22, வாஷிங்டனின் பிறந்தநாளன்று, தப்பிப் போய்விட்டார். நாலு வருடம் பொறுத்திருந்தால் சட்டப்படியே விடுதலை. அவர் மனைவி ஆலிஸ் விதவைப் பத்தி, முன்பே இறந்துவிட்டாள். பிள்ளைகள் ரிச்மண்ட், ஈவி, டீலியா மூவரும் 1799 பட்டியலில் விதவைப் பத்தியில் இருக்கிறார்கள். ஓனா ஜட்ஜ் என்ற பெண்ணையும் சொல்லவேண்டும். மார்த்தாவின் தனிப் பணிப்பெண், விதவைப் பத்தி. பாட்டிக்குப் பின் பேத்தி எலைஸாவின் உடைமையாகப் போகிறோம் என்று தெரிந்ததும் 1796 மே மாதம் பிலடெல்பியாவில் வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெளியேறினாள். நியூ ஹாம்ப்ஷயரில் 1848 வரை வாழ்ந்தாள். மணந்தாள், பிள்ளைகள் பெற்றாள். 1662 சட்டப்படி அந்தப் பிள்ளைகளும் கஸ்டிஸ் வாரிசுகளின் சொத்து. அவள் இடத்தில் எலைஸாவிடம் போனவள் தங்கை டெல்ஃபி.

விதவைப் பங்கு இல்லாவிட்டால் சரியாக இருந்திருக்குமா என்று கேட்பீர்கள். ஜெஃபர்சனின் தோட்ட வீடான மான்டிசெல்லோவில் கடன் அந்த வேலையைச் செய்தது. ஜெஃபர்சன் தன் கொல்லர் ஜோ ஃபாசெட்டை உயிலில் விடுவித்தார், இறந்து ஒரு வருடம் கழித்து, 1827 ஜூலையிலிருந்து. அதற்கு ஆறு மாதம் முன்னால், 1827 ஜனவரியில், கடனுக்காக 130 பேர் ஏலத்துக்கு வந்தார்கள். அவர்களில் ஜோவின் மனைவி ஈடித்தும் பிள்ளைகளும் இருந்தார்கள். ஈடித் அந்த வீட்டின் தலைமைச் சமையல்காரி.

நோமினி ஹாலின் கார்ட்டர் வேறு வழி போனார். 1791-இல் ஒரு பத்திரம் எழுதி 450-க்கும் மேற்பட்டவர்களைப் பெயர் பெயராக, வருடம் 15 பேர் வீதம் விடுவிக்க ஏற்பாடு செய்தார், உயிரோடிருக்கும்போதே. மனைவி 1787-லேயே இறந்துவிட்டதால் விதவைப் பங்கு என்ற கேள்வி எழவில்லை. பிள்ளைகளும் அண்டை அயலாரும் கொதித்தார்கள். அவர் பால்டிமோருக்குக் குடிபோய்விட்டார். நடைமுறையில் முடியாது என்று சொன்னவர்களுக்கு அதே வர்ஜீனியாவிலேயே பதில் இருந்தது.

பிள்ளைகளை யார் வளர்த்தார்கள் என்ற உங்கள் கேள்விக்கு முழுப் பதில் எழுதவில்லை என்று தெரிகிறது. ஆசிரியர், ஹார்ப்சிகார்டு என்ற இசைக்கருவி, நடன வாத்தியார் எல்லாம் இன்னொரு நாள்.

மகளோடு மறுபடி போவீர்கள் என்றால், அந்த 1799 பட்டியலை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். இணையத்தில் யாரும் வாசிக்கலாம். அடுக்களை வாசலிலிருந்து தூண் நடைபாதை வழியாகச் சாப்பாட்டு அறைவரை அவளை நடக்கச் சொல்லுங்கள். பிறகு தாளில் லூசியைத் தேடச் சொல்லுங்கள், அதற்குப் பின் பிராங்க்கை. இரண்டு பெயர் மேலும் ஒவ்வொரு விரலை வைத்துவிட்டு அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா